மலைக்கு ஏற்ற விதையை யார் தேர்ந்தெடுப்பது?

ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் விதைகள் மசோதாவின் வரைவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை பொதுமக்களின் கருத்துகளைக் கேட்டது. 1966ஆம் ஆண்டின் விதைகள் சட்டத்துக்கும் 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைக்கும் மாற்றாகக் கொண்டுவரப்படும் சட்டம் இது. போலி விதைகளுக்கான தண்டனை, விதை விலை, பெருநிறுவனங்களின் செல்வாக்கு, உழவர்களின் விதை உரிமை ஆகியவற்றைப் பற்றியே இதுவரை அதிகம் பேசப்பட்டிருக்கிறது. அவை பேசப்பட வேண்டியவைதான். ஆனால், வரைவில் இருக்கும் வேறொரு கருத்து போதிய கவனம் பெறவில்லை. ஒரு ரகத்தைப் பதிவுசெய்ய வேண்டுமானால் அதன் ‘சாகுபடி மற்றும் பயன்பாட்டு மதிப்பு’ களச் சோதனைகள் வழியாக நிறுவப்பட வேண்டும் என்பதுதான் அது.

இப்போதுள்ள சட்டம் அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. புதிய வரைவோ, உழவர் ரகங்களையும் ஏற்றுமதிக்கென்றே உற்பத்தி செய்யப்படுபவற்றையும் தவிர்த்து, விற்பனைக்கு வரும் மற்ற ரகங்கள் அனைத்தையும் பதிவுக்குள் கொண்டுவர முனைகிறது. அப்படியானால், ஒரு ரகம் நல்லதா என்பதைத் தீர்மானிக்கும் சோதனைக் களங்களின் முக்கியத்துவம் பல மடங்கு கூடப்போகிறது. எங்கே சோதிப்பது, எந்தப் பருவத்தில் சோதிப்பது, எதை அளப்பது, யார் அளப்பது என்பவை இனி நிபுணர்களின் உள்விவகாரங்களாக இருக்க முடியாது. இக்கேள்விகளின் கனத்தை வேறெந்த நிலப்பகுதியையும்விட அதிகமாக உணர்பவை வெப்பமண்டலத்தின் உயர்மலைப் பகுதிகள். நமக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு நீலகிரி.

ஒரு கேள்வியின் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு உதகமண்டலத்துக்கு அருகே ஒரு களநாள் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். சரிவான நிலத்தில் சிறு சிறு பாத்திகளாக உருளைக்கிழங்கு ரகங்கள் நடப்பட்டிருந்தன. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ரகத்தின் பெயரும் எக்டேருக்கு எத்தனை டன் என்ற கணக்கும் எழுதிய பலகை. அதிக எண் கொண்ட பலகையின் முன்னால் கூட்டம் நின்றது. அலுவலர் பேசி முடித்ததும், அதுவரை பேசாமல் நின்ற ஒரு பெண், “இது கடைபோகத்துக்குத் தாங்குமா சார்?” என்று கேட்டார். அலுவலரிடம் பதில் இல்லை. அந்த ரகம் அங்கே கார்போகத்தில் மட்டுமே சோதிக்கப்பட்டிருந்தது.

நீலகிரி உழவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானது. அங்கே உருளைக்கிழங்குக்கு மூன்று போகங்கள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் நடப்படும் நீர்போகம் பனியைத் தாண்டி, பாசனத்தை நம்பி வளர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நடப்படும் கார்போகம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டே வளர்கிறது; இலைக்கருகல் நோய்க்கு அதுவே உகந்த காலம். ஆகஸ்டு, செப்டம்பரில் நடப்படும் கடைபோகமோ வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, முதிரும் நேரத்தில் உறைபனியைச் சந்திக்கக்கூடும். ஒரே வயல், ஒரே உழவர், ஒரே பயிர். ஆனால், பயிர் எதிர்கொள்ளும் உலகம் மூன்று. பலகையில் இருந்த எண் இவற்றில் ஒன்றை மட்டுமே சொன்னது.

மலையின் கணக்கு வேறு

சமவெளியில் ஒரு மாவட்டத்தின் நடுவே நடத்தப்படும் சோதனையின் முடிவை அம்மாவட்டம் முழுமைக்கும் ஓரளவு பொருத்திப் பார்க்கலாம். மலையில் அது முடியாது. ஏறத்தாழ ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைகிறது. கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். உதகை 2,200 மீட்டருக்கு மேல். நேர்க்கோட்டில் அதிகத் தொலைவில்லாத இந்த மூன்று ஊர்களுக்கும் ஒரே ரகத்தைப் பரிந்துரைக்க முடியாது என்பதற்கு நிபுணத்துவம் தேவையில்லை.

உயரம் மட்டுமல்ல, திசையும் முக்கியம். நீலகிரியின் மேற்கு முகம் தென்மேற்குப் பருவமழையைத் தாங்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். கிழக்கே கோத்தகிரி, குன்னூர் பகுதிகளோ வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் எதிர்நோக்குபவை. ஒரே சரிவிலும்கூட மேட்டு வயலும் பள்ள வயலும் ஒன்றல்ல. குளிர்காற்று கனமானது, இரவில் அது பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் உறைபனி மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்குப் பயிரைக் கருக்குகிறது.

இதற்குமேல் பகலின் நீளம் என்ற நுட்பமான காரணியும் இருக்கிறது. நாட்டின் உருளைக்கிழங்கு இனவிருத்திக்குத் தாயகமான சிம்லா, குஃப்ரி மலைகள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 31 டிகிரியில் இருக்கின்றன. அங்கே கோடையில் பகல் மிக நீண்டது. நீலகிரி இருப்பதோ 11 டிகிரியில். ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். உருளைச்செடி எப்போது கிழங்கு கட்டத் தொடங்கும் என்பதைப் பகலின் நீளம் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே, குளிர்ந்த மலை என்ற ஒற்றுமையை மட்டும் வைத்து இமயமலையின் முடிவை நீலகிரிக்குக் கொண்டுவர இயலாது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உதகை அருகே முத்தோரையில் ஒரு நிலையத்தை நடத்திவருவதற்கு இதுவே அடிப்படை நியாயம்.

இந்த வேறுபாடுகள் ரகங்களின் வரிசையையே தலைகீழாக்குகின்றன. ஓர் இடத்தில் முதலாவதாக வந்த ரகம் இன்னோரிடத்தில் கடைசியாக வரலாம். பல இடங்களின் முடிவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது எங்கும் முதலிடம் பெறாத, எங்கும் மோசமாகவும் போகாத ஒரு ரகம் வெற்றி பெறக்கூடும். குறிப்பிட்ட சரிவுக்கு மிகப் பொருத்தமான ரகம் நீக்கப்படக்கூடும். சமவெளியில் சராசரி பயனுள்ள கருவி. மலையில் அது பல நேரம் தகவலை மறைக்கும் திரை.

மண்ணுக்குள் தங்கிவிடும் கடன்

விளைச்சலை மட்டும் அளப்பதால் வரும் ஆபத்துக்கு நீலகிரியின் நூற்புழு வரலாறு தக்க சான்று. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961இல் உதகையில் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆய்வாளர். இறந்த பெண் புழுவின் உடலே ஒரு கூடாக இறுகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல ஆண்டுகள் மண்ணுக்குள் காத்து வைக்கும். உருளைச்செடியின் வேர் கசியவிடும் பொருள்களை உணர்ந்ததும் முட்டைகள் பொரியும். அதன் பிறகு நீலகிரியிலிருந்து விதைக் கிழங்குகள் வெளியே செல்வதற்குத் தடை வந்தது. அந்த மலையின் விதை வணிகத்துக்கு அது பேரடி. 2018இல் இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் மலைப்பகுதிகளிலும் இப்புழு கண்டறியப்பட்டு அங்கிருந்து விதைக் கிழங்கு செல்வதும் தடுக்கப்பட்டபோது, நீலகிரியின் துயரம் நாட்டின் துயரமானது.

ரக மதிப்பீட்டில் இது எங்கே வருகிறது? நூற்புழு இருக்கும் மண்ணில் இரண்டு வகைச் செடிகள் நன்றாக விளையலாம். ஒன்று, எதிர்ப்புத்திறன் கொண்டது. அதன் வேரில் புழு பெருக முடியாது. அறுவடைக்குப் பின் மண்ணில் புழுவின் எண்ணிக்கை குறைந்திருக்கும். மற்றொன்று, தாங்குதிறன் மட்டும் கொண்டது. புழு அதன் வேரில் தாராளமாகப் பெருகும். ஆனாலும் செடி சமாளித்து விளைந்துவிடும். அறுவடை நாளில் தராசில் இரண்டும் ஒரே எடை காட்டலாம். ஏன், தாங்குதிறன் கொண்டது கூடுதலாகவும் காட்டலாம். ஆனால், அடுத்த போகத்தில் அந்த வயலில் நடுபவருக்கும், மழைநீர் வழிந்தோடும் கீழ்வயல்காரருக்கும் அது விட்டுச்செல்வது கடன். ஒரு பருவ விளைச்சலை மட்டும் பதிவுசெய்யும் அட்டவணையில் இந்தக் கடன் வரவாகவே எழுதப்படும்.

முத்தோரையின் ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே செயல்பட்டிருக்கிறார்கள். 1968இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி மலையிலும் சமவெளியிலும் பரவிய புகழ்பெற்ற ரகம். அதற்கு நூற்புழு எதிர்ப்புத்திறன் கிடையாது. ஜோதியையே ஒரு பெற்றோராகக் கொண்டு, நூற்புழு எதிர்ப்புத்திறன் உள்ள குஃப்ரி ஸ்வர்ணா 1985இல் நீலகிரிக்கென்று வெளியிடப்பட்டது. பின்னர் குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவை வந்தன. ஆனாலும், ஜோதியை வயலிலிருந்து முற்றாக அகற்ற ஸ்வர்ணாவால் இயலவில்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் கிழங்கின் பருமன், தோல், கண்களின் ஆழம், பழகிய பெயர் எல்லாம் விலையாகின்றன. அத்துடன் புதிய ரகத்தின் விதைக் கிழங்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு கிடைக்க வேண்டும். மண்ணுக்கு நன்மை செய்யும் ரகத்தை நடும் உழவருக்குச் சந்தை எந்த வெகுமதியும் தருவதில்லை. நன்மை ஊருக்கு, இழப்பு அவருக்கு என்றால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் வியப்பில்லை.

எத்தியோப்பியாவின் இரு பாடங்கள்

வெப்பமண்டல உயர்மலை வேளாண்மையில் மிகப் பெரிய பரப்பைக் கொண்ட நாடுகளில் ஒன்று எத்தியோப்பியா. அந்நாட்டின் உயிர்நாடியான தானியம் டெஃப். கடுகைவிடச் சிறிய மணி. அதை அரைத்துப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா இல்லாமல் அங்கே உணவு நிறைவடைவதில்லை. டெப்ரே ஜெய்ட் ஆராய்ச்சி மையம் அதிக விளைச்சல் தரும் ரகங்களை ஏற்கெனவே உருவாக்கியிருந்தது. ஆனால், உழவர்கள் அவற்றை அவ்வளவாக ஏற்கவில்லை. மணியின் நிறம் போதிய வெண்மையாக இல்லாததே காரணம். வெள்ளை டெஃபுக்குத்தான் சந்தையில் நல்ல விலை. அதேவேளை, மிக வெண்மையான மணி கொண்ட பழைய ரகத்தின் விளைச்சல் குறைவு. இவ்விரண்டையும் இணைத்து உருவாக்கப்பட்டு 2006இல் வெளிவந்த குஞ்சோ என்ற ரகம் உழவர்களிடையே வேகமாகப் பரவியது. விளைச்சலோடு நிறத்தையும் தேர்வு அளவுகோலாக ஏற்றுக்கொண்டதே அந்த வெற்றிக்கு அடிப்படை. ஆய்வு மையம் உழவரின் அட்டவணையைத் தன் அட்டவணையாக்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. அந்நாட்டின் கோதுமை வயல்களில் குப்சா என்ற ரகம் பரந்த அளவில் பயிரிடப்பட்டிருந்தது. 2010இல் மஞ்சள் துருநோய் பெருகி அதை அழித்தது. அந்நோயைத் தாங்கிநின்ற டிகேலு ரகத்துக்கு உழவர்கள் மாறினார்கள். 2013இல் தண்டுத் துருநோயின் வேறொரு வகை வந்து தென்பகுதியில் டிகேலுவைத் தாக்கியது. மூன்றே ஆண்டுகளில் இரண்டு பேரழிவுகள். வெளியிடப்பட்ட காலத்தில் இரண்டுமே நல்ல ரகங்கள்தாம். ஆனால், ஒரு ரகத்தின் மதிப்பு அது வெளியிடப்பட்ட நாளில் முடிவாகிவிடுவதில்லை. எவ்வளவு பரப்பில் அது மட்டுமே நிற்கிறது என்பதைப் பொறுத்தும் அது மாறுகிறது. தனிப் பாத்தியில் ஒரு ரகத்தை ஆயிரம் முறை சோதித்தாலும் இந்த ஆபத்து தெரியவராது.

இந்தக் கதையில் நம் மலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. சமவெளியின் கடுங்கோடையில் உயிர்வாழ முடியாத கோதுமைத் துருநோய்ப் பூசணம், குளிர்ந்த மலைகளில் ஆண்டு முழுவதும் தங்கியிருந்து மீண்டும் சமவெளிக்குப் பரவுகிறது என்பதை நிறுவியவர் கே.சி. மேத்தா. தென்னிந்தியாவுக்கு அந்த ஊற்றுக்கண் நீலகிரி, பழநி மலைகள். அதனால்தான் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் அமைந்தது. நோய் ஓயாத இடம் என்பதால் நோயெதிர்ப்பைச் சோதிப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கோதுமைச் சோதனைக்காக நாட்டை மண்டலங்களாகப் பிரித்தபோது இம்மலைகளைத் தென்மலை மண்டலம் என்று தனியாகவே வகுத்தார்கள். யுஜி99 என்ற தண்டுத் துரு வகை 1999இல் உகாண்டாவில் இனங்காணப்பட்ட பிறகு, இந்தியக் கோதுமை வகைகள் கென்யாவின் உயர்மலையில் இருக்கும் ஜோரோ நிலையத்துக்கு அனுப்பப்பட்டுச் சோதிக்கப்பட்டன. பஞ்சாபின் ரொட்டிக்கான காப்பீட்டை வெப்பமண்டல மலையொன்று வழங்குகிறது என்பதே இதன் பொருள்.

தீவனம்: எடை ஒன்று, பால் வேறு

தானியத்திலும் கிழங்கிலும் இவ்வளவு சிக்கல் என்றால், தீவனப் பயிர்களில் அது இன்னும் அதிகம். தமிழ்நாட்டின் சமவெளியில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பெரும் வெற்றி. பாசனத்திலும் நல்ல உரத்திலும் எக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் பசுந்தீவனம் தரக்கூடியது என்று அதன் மேம்பட்ட ரகங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. இந்த எண்ணைக் கேட்கும் மலை உழவர் கரணை வாங்கி நடுவது இயல்பே. ஆனால், வெப்பத்தை விரும்பும் அந்தப் புல் குளிரில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. உறைபனியில் இலை கருகுகிறது.

அந்த எண்ணின் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். பசும்புல்லின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு அருகில் தண்ணீர். மாட்டின் வயிற்றுக்குப் பயன்படுவது உலர்பொருள். அதிலும் செரிக்கக்கூடிய பகுதி மட்டுமே. அதிலும் புரதத்தின் அளவைப் பொறுத்தே பால். அதிக டன் தரும் புல், தண்டு முற்றி, மாடு ஒதுக்கித் தள்ளும் புல்லாகவும் இருக்கலாம். இவற்றைவிட முக்கியமான ஒன்று காலம். மலையில் ஜூலையில் புல்லுக்குப் பஞ்சமில்லை. மார்கழியும் தையும்தான் மாடு வைத்திருப்பவரைச் சோதிக்கும் மாதங்கள். ஆண்டு மொத்தத்தில் குறைவாக விளைந்தாலும், அந்த இரண்டு மாதங்களில் நாலு கட்டுப் புல் தரும் ஓட்ஸ் போன்ற குளிர்காலத் தீவனமே அவருக்குச் சிறந்த ரகம். ஆண்டு மொத்தத்தை மட்டும் அச்சிடும் அறிக்கையில் அது கீழ்வரிசையில் இருக்கும்.

நீலகிரியில் இன்று எங்கும் காணப்படும் கிக்குயூ புல், கென்ய மலைகளிலிருந்து வந்து, அங்கு வாழும் மக்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மிதித்தாலும் மேய்ந்தாலும் மீண்டும் படரும் அதன் இயல்பு மேய்ச்சல் நிலத்தில் வரம். இயற்கையான சோலைப் புல்வெளிக்குள் அதே இயல்பு சாபம். உள்ளூர்ப் புல்லினங்களை அது நெருக்கித் தள்ளுகிறது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் கொண்டுவரப்பட்ட சீகை மரங்கள் புல்வெளிகளை விழுங்கிய கதையும் இதுவே. வேகமாக வளர்கிறதா, அதிக எடை தருகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு அவை முழு மதிப்பெண் பெற்றன. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் மிஞ்சுமா, ஓடைகளில் கோடையில் தண்ணீர் இருக்குமா என்று அன்று எவரும் கேட்கவில்லை.

தானியப் பயிர்களும் தீவனப் பயிர்களே என்பதையும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எத்தியோப்பியாவில் டெஃப் தாள் மாட்டுக்கு உணவு. மண் சுவர் பூசும் சேற்றில் கலக்கும் பொருளும்கூட. கொல்லிமலையில் சாமை அறுத்த பின் கிடைக்கும் தட்டையும் அப்படியே. குட்டையாக வளர்ந்து தானியத்தை மட்டும் கூட்டித்தரும் ரகம், வீட்டிலிருக்கும் இரண்டு மாடுகளின் தீவனத்தை வெட்டிவிடுகிறது. அந்த இழப்பு விளைச்சல் அட்டவணையில் எங்கும் பதிவாவதில்லை. கட்டவெட்டி சாமை, பெருஞ்சாமை, மல்லியசாமை என்று பல சாமை வகைகளைப் பேணிய கொல்லிமலையில் மரவள்ளி அந்த இடத்தைப் பிடித்ததற்குச் சந்தை ஒரு காரணம். சாமையை உமி நீக்கப் பெண்கள் உரலில் படும் பாடு மற்றொரு காரணம். அங்கே சிறு அரவை இயந்திரங்களைக் கொண்டுசென்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. குத்தும் உழைப்பும் ரகத்தின் மதிப்பில் ஒரு பகுதியே.

யார் மதிப்பிடுவது?

எதை அளப்பது என்ற கேள்வி, யார் அளப்பது என்ற கேள்வியில்தான் முடிகிறது. 1980களின் இறுதியில் ருவாண்டாவின் மலைகளில் நடந்த ஒரு முயற்சி இன்றும் பேசப்படுகிறது. அங்கே மொச்சை, அவரை இனத்தைச் சேர்ந்த பீன்ஸ்தான் ஏழைகளின் புரதம். அதைப் பயிரிட்டுக் காப்பவர்கள் பெண்கள். ரகத் தேர்வின் இறுதிக் கட்டத்தில் மட்டும் உழவர்களைக் கூப்பிடும் வழக்கத்தை மாற்றி, அனுபவமிக்க பெண்களைத் தொடக்கத்திலேயே ஆய்வு நிலையத்துக்கு அழைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த வகைகள், ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தவற்றைவிட அவர்களது வயலில் நன்றாக விளைந்தன. வாழையின் நிழலில் வளருமா, மழையில் காய் அழுகுமா, இலையைக் கீரையாகச் சமைக்கலாமா என்றெல்லாம் ஆராய்ந்து அவர்கள் தேர்ந்தெடுத்ததில் மாயமெதுவும் இல்லை.

இது சிறிய அளவில்தான் முடியும் என்ற வாதத்துக்கும் இப்போது பதில் கிடைத்திருக்கிறது. ஒவ்வோர் உழவருக்கும் மூன்றே ரகங்களைச் சிறு பொட்டலங்களில் கொடுத்து, எது சிறந்தது, எது மோசமானது என்று மட்டும் சொல்லச் சொல்லும் எளிய முறை உருவாகியிருக்கிறது. ஒருவர் சொல்வது துளிதான். ஆயிரக்கணக்கானோர் சொல்வதை அந்தந்த இடத்தின் வானிலையோடு சேர்த்துப் பகுத்தாய்ந்தால் வலுவான முடிவுகள் கிடைக்கின்றன. நிகராகுவா, எத்தியோப்பியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உழவர் வயல்களின் தரவுகளைக் கொண்டு இம்முறையை விளக்கிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. எத்தியோப்பிய மலைகளின் கோதுமை அதில் ஒரு பயிர். நூறு சரிவுகளில் நூறு ஆய்வு நிலையங்களை அரசால் அமைக்க முடியாது. ஆனால், அந்த நூறு சரிவுகளிலும் உழவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

விளைச்சலைப் புறக்கணிக்க வேண்டாம்

இதைப் படிப்பவர்களில் சிலர், அதிக விளைச்சல் ரகங்களுக்கு எதிரான இன்னொரு குரல் என்று இதை எண்ணக்கூடும். என் நிலைப்பாடு அதுவல்ல. மலையில் நிலம் சிறிது. அரை ஏக்கரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு விளைச்சல்தான் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு. பழையது என்பதற்காகவே ஒரு ரகம் நல்லதாகிவிடாது. இலைக்கருகலில் பத்தே நாளில் மொத்த வயலையும் இழக்கும் பழைய ரகத்தைப் போற்றுவது உழவருக்குச் செய்யும் உதவியல்ல. கட்டாயச் சோதனை என்ற எண்ணமும் தவறல்ல. சோதிக்கப்படாத ரகத்தை அழகான உறையில் அடைத்து விற்பவரிடமிருந்து உழவரைக் காப்பது சட்டத்தின் கடமையே.

என் கவலை வேறு. சோதனை எளிதில் ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடும் இயல்புடையது. ஒற்றை எண் நிர்வாகத்துக்கு வசதி, நிறுவனங்களுக்கு விளம்பரம். அந்த எண் சமவெளியின் நல்ல மண்ணில், முழு உரத்தில், தவறாத மருந்துத் தெளிப்பில் பெறப்பட்டதாக இருந்தால், மலை உழவருக்கு அது தகவல் அல்ல, தவறான வாக்குறுதி. மேலும், உழவர் ரகங்களுக்கு வரைவு விலக்கு அளிக்கிறது. அது தேவையான பாதுகாப்பு. ஆனால், விலக்கு என்பது கண்டுகொள்ளாமல் விடுவதற்கான சாக்காகிவிடக் கூடாது. சோதனைத் தரவே இல்லாத ரகம் நாளை எந்தப் பரிந்துரைப் பட்டியலிலும், எந்த மானியத் திட்டத்திலும் இடம்பெறாமல் மெல்ல மறைந்துபோகும்.

ஆகவே, சட்டமும் அதன் விதிகளும் சில நடைமுறைகளை உறுதிசெய்ய வேண்டும். முதலாவது, மலைப்பகுதிக்கென்று பரிந்துரைக்கப்படும் ரகம் மலையிலேயே, குறைந்தது இரண்டு உயர அடுக்குகளில், அங்கு வழக்கத்திலுள்ள எல்லாப் போகங்களிலும் சோதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, முடிவைச் சராசரியாக மட்டும் வெளியிடாமல் இடம்வாரியாக, பருவம்வாரியாக, மிக மோசமான ஆண்டின் விளைச்சல் உட்பட உழவருக்குப் புரியும் மொழியில் வெளியிட வேண்டும். சிறு உழவருக்குச் சிறந்த ஆண்டைவிட மோசமான ஆண்டே வாழ்வைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது, உருளைக்கிழங்கானால் அறுவடைக்குப் பின் மண்ணிலுள்ள நூற்புழுவின் அளவு, தானியமானால் தட்டையின் எடையும் தரமும், தீவனமானால் உலர்பொருளும் பனிக்கால விளைச்சலும் கட்டாயப் பதிவுகளாக வேண்டும். நான்காவது, உழவர்களின், குறிப்பாகப் பெண் உழவர்களின் வயல் மதிப்பீட்டைச் சடங்காக அல்லாமல் வாக்குரிமை உள்ள பகுதியாகச் சேர்க்க வேண்டும். விலக்கு பெற்ற உழவர் ரகங்களையும் விருப்பத்தின்பேரில் இதே களங்களில் சேர்த்துச் சோதிக்க வழி வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகும் என்பது உண்மை. முத்தோரையும் வெலிங்டனும் போன்ற மலை நிலையங்களுக்கு ஆட்களும் நிதியும் தேவை. சாகுபடிப் பரப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் நீலகிரி நாட்டின் வேளாண்மையில் ஒரு துளி. அதற்கு ஏன் தனிச் சோதனை என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கலாம். துருநோயின் வழித்தடத்தை இந்த மலைகளில் வைத்துத்தான் நாடு புரிந்துகொண்டது. விதைக் கிழங்கை முடக்கும் நூற்புழுவை எதிர்க்கும் ரகங்களும் இங்கேதான் உருவாயின. மலையில் இன்று செய்யாத செலவைச் சமவெளி நாளை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

‘சாகுபடி மற்றும் பயன்பாட்டு மதிப்பு’ என்பதில் விளைச்சல் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. பயன்பாடு என்ற இரண்டாம் பாதிக்குள் மண்டியும் மாட்டுக்கொட்டகையும் உரலும் அடுத்த போகத்து மண்ணும் இருக்கின்றன. கடைபோகத்துக்குத் தாங்குமா என்று அந்தப் பெண் கேட்டது அந்த இரண்டாம் பாதியைத்தான். அவருக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு சோதனைப் பலகையை, வரும் சட்டம் அந்த வயலின் தலைமாட்டில் நட்டுவைக்குமா என்பதே நாம் கேட்க வேண்டியது.